ஏர்லுக்கு ஒரு சாவி

கிரேலிங், மிச்சிகன்
1 ஜூன் 2008

அன்புத் தம்பி டுவேனுக்கு,

இங்கே நானும் உன் அத்தானும் உயிரோடு இருக்கிறோம். ஆர்விட்டைப் பற்றி அதற்கு மேல் நல்ல செய்தி சொல்ல முடியாது. போன வாரம் அவர் முதுகு சுத்தமாகப் படுத்துவிட்டது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? உன் நாய் பிஸ்கட்டுக்கு உண்ணித் தொல்லை தீர்ந்ததா?

போனில் சொல்லலாம் என்றால் என் காது உனக்குத் தெரியும். முப்பது வருஷம் மர மில்லில் ரம்பத்துக்குப் பக்கத்தில் நின்றவளுக்குப் போன் என்பது முனகுகிற ஒரு பெட்டி. அதனால்தான் பேனா.

விஷயம் அப்பாவின் வேட்டைக் குடில். ஆர்விட் இனிமேல் ஏணி ஏற முடியாது, விறகு பிளக்க முடியாது. நான் ஒருத்தியாக அங்கே போய் என்ன செய்வது? சீட்டு ஆடக்கூட நாலு கை இல்லை. டெட்ராய்ட்டிலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். ஏரியைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், "இடிச்சுட்டுப் புதுசாக் கட்டிக்கலாம்" என்று என் முகத்துக்கு நேரே சொன்னார். நவம்பர் கடைசிக்குள் அவருக்குப் பதில் சொல்ல வேண்டும். குடில் நம் இருவர் பெயரிலும் இருப்பதால் உன் கையெழுத்து இல்லாமல் எதுவும் நடக்காது.

எனக்கு விற்க மனமில்லை. ஆனால் நீ இனி வருகிறவனா இல்லையா என்று எனக்குத் தெரிய வேண்டும். அப்பா போன பிறகு வந்த முதல் சீசனுக்கு நீ வரவில்லை. நானும் கேட்கவில்லை. இந்த நவம்பர் பதினைந்தாம் தேதி, மான் சீசன் திறக்கிற அன்று, நீ குடிலில் இருந்தால், அப்பாவின் ரிவால்வர் கதவோரத்து ஆணியில் தொங்கினால், குடில் நமக்கு. இல்லையென்றால் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடு. கோபித்துக்கொள்ள மாட்டேன்.

ரிவால்வரை உனக்கும் அதன் பெட்டிச் சாவியை எனக்கும் எழுதி வைத்துவிட்டுப் போனாரே அந்த மனுஷன். சாவி என் சமையலறை ஜன்னலில் தொங்குகிறது. பாத்திரம் கழுவும்போதெல்லாம் அதைப் பார்க்கிறேன்.

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. சோம்பேறித்தனம் பண்ணாதே.

உன் அக்கா
நடீன்


418, வெர்னான் தெரு
பிரிஸ்டல், இண்டியானா
9 ஜூன் 2008

மிச்சிகன் மாநிலத்தின் மகாராணி, என் அக்கா நடீன் அவர்களின் சமூகத்துக்கு,

இண்டியானாவின் ஏழைக் குடிமகன் டுவேன் தொப்பியைக் கழற்றிவிட்டு எழுதுவது. நான் சுகம். முழங்கால் மழை வரப்போவதை ரேடியோவுக்கு முன்னால் சொல்லிவிடுகிறது. பிஸ்கட்டின் உண்ணிகள் போய்விட்டன. என் மேல்தான் ஏறியிருக்க வேண்டும். அத்தானிடம் சொல், முதுகு வலிக்கு ஒரே மருந்து என் அக்காவைக் கட்டாமல் இருந்திருப்பது. இப்போது காலம் கடந்துவிட்டது.

கொல்லையில் புல் வெட்டிவிட்டு இப்போதுதான் வந்து உட்கார்ந்தேன். மேப்பிள் மரத்துக்குக் கீழே மட்டும் புல் முளைக்க மாட்டேன் என்கிறது. கம்பெனியில் வேலைக்குக் குறைவில்லை. ஒரு நாளைக்குப் பதினான்கு டிரெய்லருக்கு அலமாரி பொருத்துகிறேன். அந்த வண்டிவீட்டை இழுத்துக்கொண்டு ஊர் ஊராய்ப் போய்ப் படுக்க ஜனங்களுக்கு அவ்வளவு ஆசை.

வருகிறேன் அக்கா. சும்மா வரமாட்டேன், ரிவால்வரை இடுப்பில் செருகி, சட்டையை மேலே விட்டு, ராஜா மாதிரி வருவேன். அப்பா போனதும் நான் எடுத்த இண்டியானா துப்பாக்கி லைசென்ஸ் அட்டை ஆயுள் முழுக்கச் செல்லும். அப்பாவுக்கு நாலு வருஷத்துக்கு ஒரு தடவை ஆபீஸ் வாசலில் நிற்க வேண்டியிருந்தது. எனக்கு ஒரே ஒரு நாள்தான். அப்பாவின் பெட்டி கட்டிலுக்கு அடியில் வாயைத் திறந்துகொண்டு காலியாகக் கிடக்கிறது. சாவி இல்லாமல் அது பூட்டாது. பூட்ட வேண்டிய அவசியமும் எனக்கு இல்லை.

131ஆம் ரோட்டில் எல்லைக்கு இந்தப் பக்கத்துக் கடைசி பெட்ரோல் பங்க் நினைவிருக்கிறதா? அப்பா வண்டியை ஓரங்கட்டி, "எறங்குங்க, அப்பா துணி மாத்தணும்" என்பார். இடுப்பிலிருந்து ரிவால்வரை எடுத்து, குண்டுகளைப் புகையிலை டப்பாவில் கொட்டி என் கையில் கொடுப்பார். ரிவால்வர் பெட்டிக்குள் போகும், பெட்டி வண்டியின் பின்பக்கம் போகும், சாவி உன் கழுத்துக்குப் போகும். "நம்ம அட்டை அந்தக் கோட்டோட சரி. அதுக்கப்புறம் நான் வெறும் வெளியூர்க்காரன்."

"கோடு எங்கப்பா இருக்கு?"

"போர்டு தெரியுதுல்ல, அதுக்கு அடியில."

நீ ஓடிப்போய்ப் போர்டுக்கு அடியில் புல்லை விலக்கிப் பார்த்தாய். ஒன்பது வயசுக்காரி. அந்த அறிவாளியைத்தான் பிறகு ஒரு மிச்சிகன்காரர் விரும்பிக் கட்டிக்கொண்டார். அப்புறம் பங்க் கடையில் வினிகர் ஜாடியில் ஊறுகிற அவித்த முட்டை, ஆளுக்கு ஒன்று. குடில் போய்ச் சேரும்வரை வண்டிக்குள் அந்த வாசனைதான்.

அந்தக் காலம் மலையேறிவிட்டது. இப்போது சட்டம் மாறி அட்டை எல்லையைத் தாண்டும். உன் சாவியை ஜன்னலிலேயே வைத்துக்கொள்.

அத்தானை அசைக்காமல் வைத்திரு.

ராஜாத் தம்பி
டுவேன்


கிரேலிங்
2 ஜூலை 2008

ராஜாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். ஆர்விட் உன் கடிதத்தைப் படித்துச் சிரித்ததில் முதுகு பிடித்துக்கொண்டது. மறுபடி மூன்று நாள் படுக்கை. அந்தப் பாவம் உன்னைச் சேரும். உன் உடம்பு எப்படி?

ஒரு சின்னச் சந்தேகம். உன் கடித உறையில் கலமாசூ தபால் முத்திரை இருக்கிறது. இண்டியானாவில் புல் வெட்டிவிட்டு மிச்சிகனுக்கு வந்தா தபால் போடுகிறாய்?

ஆர்விட்டின் காருக்கு வரி கட்ட மாவட்ட ஆபீசுக்குப் போனபோது, துப்பாக்கி லைசென்ஸ் பார்க்கிற ஜன்னலில் பெவ் உட்கார்ந்திருந்தாள். என்னோடு மில்லில் வேலை பார்த்தவளின் மகள். எனக்காகச் சத்தமாகப் பேசுவாள், ஆபீசே கேட்கும். உன்னைப் பற்றி விசாரித்தேன்.

"யாருக்கு நடீன்?"

"என் தம்பிக்கு. அவன்கிட்ட இண்டியானா அட்டை இருக்கு. இங்க செல்லுமா?"

"தம்பி எங்க குடியிருக்காரு?"

"இண்டியானாவுலதான்."

"அப்பச் செல்லும். அவர் எந்த மாநிலத்துல குடியிருக்காரோ அந்த மாநிலம் குடுத்த அட்டைன்னா நாம ஒத்துக்குவோம். வேற மாநிலத்து அட்டையை வச்சுக்கிட்டு இங்க குடியிருந்தா ஒத்துக்க மாட்டோம்."

"ஆயுள் முழுக்கச் செல்லும்னு அச்சடிச்சுக் குடுத்திருக்காங்களாம்."

"ஆயுள் அவரோடது. சட்டம் நம்மளோடது."

ஆகவே கவலையில்லை. நீ வெர்னான் தெருவில் இருக்கும்வரை ராஜாதான். நவம்பருக்கு உனக்குப் பிடித்த இனிப்பு, சர்க்கரைக் கிரீம் பை, சுடட்டுமா? அம்மா செய்த மாதிரி வராது. ஆனால் நீ அப்போதும் தட்டை நக்குகிற ஆள்தானே.

மேப்பிளுக்குக் கீழே புல் போடுவதை விட்டுவிடு. நிழலில் எதுவும் வராது.

உன் அக்கா
நடீன்


தபால் பெட்டி எண் 212
பிரிஸ்டல், இண்டியானா
20 ஜூலை 2008

அன்பின் அக்காவுக்கு,

நான் நலம், பிஸ்கட் நலம். அத்தானின் முதுகுக்கு என் அனுதாபம். இந்தக் கடிதத்தை அவருக்குப் படித்துக்காட்டாதே.

மேலே புது விலாசம் பார்த்து உன் மூக்கு நீண்டிருக்கும். வேறொன்றுமில்லை. வெர்னான் தெருவில் வாசல் தபால் பெட்டியை எவனோ வண்டியை ரிவர்ஸ் எடுக்கும்போது சாய்த்துவிட்டான். போஸ்ட் ஆபீசிலேயே ஒரு பெட்டி எடுத்துக்கொண்டேன். இனி இந்த எண்ணுக்கே எழுது. அந்தக் கலமாசூ முத்திரையா? மீன் பிடிக்க எல்லை தாண்டி வந்தபோது போட்டது. தபால்தலை ஒட்டினால் எங்கே போட்டாலும் கடிதம் போகும் என்பது உன் மாநிலத்தில் தெரியாதா?

அக்கா, எனக்காக இல்லை, ஒரு நண்பனுக்காக ஒன்று கேட்க வேண்டும். பெயர் ஏர்ல். கம்பெனியில் என் பக்கத்து மேசை. நல்லவன், கொஞ்சம் மடையன். அவனும் என்னை மாதிரி ஆயுள் அட்டைக்காரன்தான். இப்போது அவன் எல்லையைத் தாண்டி மிச்சிகன் பக்கம் நாலு மைலில், ஒயிட் பிஜன் ஊருக்குப் பக்கத்தில், ஏரிக்கரை முகாமில் ஒரு பழைய டிரெய்லரில் தங்குகிறான். கோடைகாலம் பார், காற்றுக்காக. கடை கண்ணி, தபால் எல்லாம் இன்னும் இண்டியானாவில்தான். தினமும் ரிவால்வரை இடுப்பில் வைத்துக்கொண்டு எல்லையைத் தாண்டிப் போகிறான், வருகிறான். போன வாரம் மிச்சிகன் போலீஸ் ஒருவர் பின்விளக்கு எரியவில்லை என்று நிறுத்தினார். ஏர்ல் இண்டியானா அட்டையைக் காட்டினான். "சரி, பல்ப் மாத்துங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்கு ஏர்லை நினைத்துத் தூக்கமில்லை. பெவ்விடம் கேட்டுச் சொல்லேன். பெயரைச் சொல்லாதே.

பை கட்டாயம் வேண்டும். இரண்டு.

தம்பி
டுவேன்


கிரேலிங்
10 ஆகஸ்ட் 2008

டுவேன்,

நலமாய் இருப்பாய் என்று நம்புகிறேன். ஆர்விட் நடக்கத் தொடங்கிவிட்டார். வீட்டுக்குள் மட்டும், சுவரைப் பிடித்துக்கொண்டு.

உன் ஏர்லுக்காகப் பெவ்விடம் போனேன். அவள் சிரிக்கவில்லை.

"அவர் எங்க தூங்குறாரு?"

"மிச்சிகன் பக்கம். டிரெய்லர்ல."

"எத்தனை நாளா?"

"கோடையிலேர்ந்துன்னு நினைக்கிறேன்."

"திரும்பிப் போறதுக்கு அங்க வீடு இருக்கா?"

எனக்குத் தெரியாது என்றேன். பெவ் பேனாவைக் கீழே வைத்தாள். "வீடு இருந்து, காத்து வாங்க வந்திருந்தாருன்னா அவர் இண்டியானாக்காரர். அட்டை செல்லும். வீடு இல்லைன்னா அவர் நம்ம ஆளு நடீன். அட்டை செல்லாது. அந்தப் போலீஸ்காரர் நல்லவர், இல்ல பசியில இருந்திருப்பாரு. அடுத்து நிறுத்துற போலீஸ்காரர் விலாசத்தை விசாரிச்சா ஜெயில் வரைக்கும் போகும். அப்புறம் உங்க ஏர்ல் ஆயுசுக்கும் துப்பாக்கியைத் தொட முடியாது."

"இப்ப என்னதான் பண்றது?"

"இடுப்புலேர்ந்து எடுக்கச் சொல்லுங்க. குண்டில்லாம, பெட்டிக்குள்ள வச்சு, வண்டிக்குப் பின்னால. இங்கயே இருக்கப்போறாருன்னா ஷெரிஃப் ஆபீஸ்ல துப்பாக்கியைக் காட்டிப் பதியணும். ஆறு மாசம் குடியிருந்தப்புறம் நம்ம அட்டைக்கே எழுதிப் போடலாம்."

நான் வீட்டுக்கு வந்து அப்பாவை நினைத்துக்கொண்டேன். ரயில் யார்டில் முப்பத்தொரு வருஷம் காவல் நின்றவர், யாருக்கும் பயந்தவரில்லை. ஆனாலும் அந்தப் போர்டைப் பார்த்தால் வண்டியை நிறுத்திவிடுவார். சட்டம் மாறி அட்டை செல்லும் என்று ஆன பிறகும் நிறுத்தினார். ஏன் என்று நீ கேட்டதற்கு, "முட்டை வேணும்ல" என்றார்.

ஏர்லுக்குத் திரும்பிப் போக வீடு இருக்கிறதா? கேட்டுச் சொல்.

அக்கா


தபால் பெட்டி எண் 212
பிரிஸ்டல்
28 செப்டம்பர் 2008

அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதம். நலம். அத்தான் சுவரை விட்டு நடக்கிறாரா?

ஏர்லிடம் கேட்டேன். அவன் ரிவால்வரை இடுப்பிலிருந்து எடுத்துத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டான். இப்போது அதை எங்கேயும் எடுத்துப் போவதில்லை.

நவம்பரில் வர முடியாது போலிருக்கிறது. கம்பெனியில் வேலை தலைக்கு மேல். சீசன் சமயத்தில் யாருக்கும் லீவு கிடையாதாம். டெட்ராய்ட்காரர் நல்ல மனுஷனாகத்தான் இருப்பார். பத்திரத்தை அனுப்பு, கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறேன். குடிலில் இருந்து எனக்கு எதுவும் வேண்டாம். அந்த ஆணியை மட்டும் பிடுங்கி வைத்துக்கொள்.

டுவேன்


கிரேலிங்
12 அக்டோபர் 2008

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தில் ஒரு கேலிகூட இல்லை. நாலு தடவை திருப்பிப் பார்த்தேன். காய்ச்சல் ஏதும் இல்லையே? ஆர்விட் சுவரை விட்டுவிட்டார். இப்போது என்னைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். கல்யாணத்தன்றுகூட இவ்வளவு இறுக்கிப் பிடித்ததில்லை.

பத்திரம் அனுப்ப இந்த வாரம் தோதுப்படவில்லை. வீட்டில் பெரிய உறை இல்லை. அடுத்த வாரமும் இருக்காது என்று நினைக்கிறேன்.

ஆர்விட் காலையில் செய்தித்தாளை மடித்து அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தார். வழக்கமாக அதைக் கொளுத்தித்தான் அடுப்பு மூட்டுவோம். ஆகஸ்டில் வந்த ஒரு பக்கத்தை மட்டும் கொளுத்தாமல் வைத்திருக்கிறார். உங்கள் பக்கத்து டிரெய்லர் கம்பெனிகளைப் பற்றி ஏதோ போட்டிருக்கிறது. எனக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும், சரியாகப் படிக்க முடியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் குடிலுக்குப் போய் வந்தேன். புகைபோக்கியில் குருவி கூடு கட்டியிருந்தது, எடுத்துவிட்டேன். அடுப்பு நன்றாக இழுக்கிறது. விறகு இரண்டு குளிர்காலத்துக்கு வரும். வாசலில் தபால் பெட்டிக் கம்பம் சாயாமல் நிற்கிறது. அப்பாவின் பெயர் இன்னும் அதில் இருக்கிறது, பெயிண்ட் மட்டும் உரிந்திருக்கிறது. கதவுக்கு வெளியே நாய் படுக்க நல்ல இடம். ஒரு ஆள் குளிர்காலம் முழுக்கத் தாராளமாக இருக்கலாம்.

இதையெல்லாம் உனக்குச் சொல்லவில்லை. உனக்குத்தான் வீடு, கொல்லை, மேப்பிள் மரம் எல்லாம் இருக்கிறதே. ஏர்லிடம் சொல்.

இந்த உறைக்குள் ஒரு பொருள் வைத்திருக்கிறேன், விழுந்துவிடாமல் திற. அதையும் ஏர்லிடம் கொடு. பெட்டியைப் பூட்டிக்கொண்டு வரட்டும். பெட்டி பூட்டியிருந்தால் எங்கே குடியிருக்கிறாய் என்று வழியில் ஒருத்தரும் கேட்கப் போவதில்லை. நானும் கேட்க மாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். சாப்பிடு.

அக்கா


2 நவம்பர் 2008

அக்காவுக்கு,

நலம். நீயும் அத்தானும் நலமா?

சாவி ஏர்லின் பெட்டிக்குச் சரியாகப் பொருந்துகிறது.

பதினான்காம் தேதி மதியம் ஏர்லை அழைத்துக்கொண்டு வருகிறேன். தட்டு ஒன்று போதும். பை இரண்டு.

டுவேன்


பெல் ஏரிக் குடில்
கிரேலிங் வழி, மிச்சிகன்
23 நவம்பர் 2008

மகாராணி அக்காவுக்கு,

முப்பது மைல் தூரத்தில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறேன் என்று சிரிக்காதே. இங்கே போன் இல்லை. இருந்தாலும் உன் காதில் விழாது. நான் நலம். பிஸ்கட் நீ சொன்ன இடத்தில்தான் படுக்கிறான், வீட்டுக்காரன் மாதிரி. அத்தான் திரும்பிப் போகிற வழியில் முதுகைப் பற்றி முனகினாரா? சீட்டாட்டத்தில் அவர் என்னை ஏமாற்றியதைப் பார்த்தால் முதுகு நன்றாகத்தான் இருக்கிறது.

ஏர்லைப் பற்றி நீ என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு தட்டு வைத்தாய், அவ்வளவுதான். ஏர்ல் எங்கே என்று அத்தான் வாயைத் திறந்தபோது மேசைக்கு அடியில் நீ அவர் காலை மிதித்தது எனக்கும் தெரிந்தது. நடுவில் என் கால்தான் இருந்தது. உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல எனக்கு வரவில்லை. பேனாவில் சொல்கிறேன்.

ஏப்ரலில் கம்பெனி எங்கள் உற்பத்தி வரிசையை மூடி எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. மே மாசம் பாங்க் வீட்டை எடுத்துக்கொண்டது. நான் புல் வெட்டினேன் என்று எழுதிய அன்று வெர்னான் தெரு வீட்டுக் கதவில் வேறு பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. ஒயிட் பிஜன் முகாமில் ஒருவர் தன் பழைய டிரெய்லரைத் தங்கக் கொடுத்தார். முதல் நாள் தொட்டிக்கு அடியில் குழாய் பார்க்கக் குனிந்தால், பலகையில் பென்சிலால் என் பெயரின் முதல் எழுத்து. பதினொரு வருஷத்துக்கு முன்னால் நானே பொருத்திய அலமாரி அக்கா. கதவு சரியாக மூடாது. ஆறு மாசம் அந்த மடையனைத் திட்டிக்கொண்டே இருந்தேன்.

அட்டையில் இண்டியானா என்று போட்டிருந்தது. அதைப் பாக்கெட்டில் வைத்திருக்கும்வரை நான் இன்னும் அந்த ஊர்க்காரன்தான், கொஞ்ச நாளைக்கு வெளியே வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொள்வேன். பெவ் சொன்னதை நீ எழுதி அனுப்பியதும் அதுவும் போய்விட்டது. துப்பாக்கி போனது பெரிசில்லை.

இன்னொன்று. பதினான்காம் தேதி நான் ஏன் ஒரு மணி நேரம் தாமதம் என்று கேட்டாய். வழியில் பனி என்றேன். பனி இல்லை. முகாமிலிருந்து கிரேலிங் வர எந்த எல்லையையும் தாண்ட வேண்டாம், வடக்கே ஒரே ரோடு. நான் தெற்கே திரும்பினேன். நாலு மைல் போய், எல்லையைத் தாண்டி, அந்தப் பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தினேன். ரிவால்வர் ஏற்கனவே பெட்டிக்குள், பெட்டி பூட்டி வண்டிக்குப் பின்னால். சாவி என் கழுத்தில். மாற்றத் துணி எதுவும் இல்லை. ஆனாலும் இறங்கி நின்றேன்.

கல்லாவில், அப்பா காலத்தில் நமக்கு முட்டை எடுத்துக் கொடுத்த அதே மேவிஸ் கிழவி. என்னை அடையாளம் தெரியவில்லை. முட்டை கேட்டேன்.

"எத்தனை?"

"மூணு."

"கூட யாரு?"

"வந்துருவாங்க."

மூன்றையும் நானே தின்றுவிட்டு, போர்டுக்கு அடியில் நின்று பார்த்தேன். வெறும் புல்தான். ஒன்பது வயசில் நீ சரியாகத்தான் பார்த்திருக்கிறாய்.

பிறகு வடக்கே வந்தேன்.

டெட்ராய்ட்காரருக்கு என்ன பதில் எழுதினாய்?

தம்பி
டுவேன்


கிரேலிங்
7 டிசம்பர் 2008

குடில்காரத் தம்பிக்கு,

நலம்தானே? அத்தான் நலம். சீட்டில் ஏமாற்றவே இல்லை என்று சத்தியம் செய்கிறார். சத்தியம் செய்யும்போதும் ஏமாற்றுகிறார்.

டெட்ராய்ட்காரருக்கு எழுதிவிட்டேன். "இடம் விற்பனைக்கில்லை, ஆள் குடியிருக்கிறார்" என்று. ஒரே வரி. எனக்கு மிகவும் பிடித்த கடிதம் அதுதான்.

வெள்ளிக்கிழமை பெவ்வின் ஜன்னலில் உன் பக்கத்தில் நின்றதைப் பற்றி இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஷெரிஃப் ஆபீசில் ரிவால்வரைக் காட்டிப் பதியும்போது நீ அங்கிருந்த போலீஸ் பையன்களைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தாய். அட்டைக்கு எழுதிப் போடும் படிவத்தைக் கையில் வாங்கியதும் வாய் மூடிவிட்டது. எந்தத் தேதியிலிருந்து இந்த மாநிலத்தில் குடியிருக்கிறீர்கள் என்று ஒரு வரி. நீ பேனாவை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றாய். பின்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள்.

"சரியாத் தெரியலைன்னா சுமாரா ஒரு தேதி போடுங்க" என்றாள் பெவ், ஆபீசே கேட்கும்படி.

"தெரியும்" என்றாய். மே 30 என்று எழுதினாய்.

பெவ் விரல் விட்டு எண்ணினாள். "ஆறு மாசம் ஆறு நாள். ஏர்லா நீங்க?"

"இல்ல மேடம். ஏர்ல் ஊருக்குப் போயிட்டான்."

நான் சுவரில் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடி மாற்றிய பிறகு எனக்குத் தேதிகள் நன்றாகத் தெரிகின்றன. ஜூன் 9ஆம் தேதிக் கடிதம் என் மேசை டிராயரில் இருக்கிறது. புல் வெட்டிவிட்டு இப்போதுதான் வந்து உட்கார்ந்தேன் என்று எழுதியிருக்கிறாய். யார் வீட்டுப் புல் என்று நான் கேட்கப் போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை வருகிறோம். பை கொண்டுவருகிறேன். பழைய அட்டையை என்ன செய்தாய்?

அக்கா


பெல் ஏரிக் குடில்
20 டிசம்பர் 2008

அக்காவுக்கு,

நான் நலம், நாய் நலம், அடுப்பு நலம். உன் காதும் அத்தானின் முதுகும் சேர்ந்து ஒரு முழு ஆளாக இருக்கும் என்று நம்புகிறேன்.

முகாம்காரரின் புல். காசில்லாமல் தங்கக் கொடுத்ததற்கு ஈடாக வாரம் ஒரு தடவை முகாம் முழுக்க வெட்டிக் கொடுத்தேன். ஆகவே மகாராணி, ஜூன் 9ஆம் தேதி நான் உண்மையாகவே புல் வெட்டினேன். மேப்பிள் மரமும் அங்கே ஒன்று இருந்தது. அதற்குக் கீழேயும் எதுவும் முளைக்கவில்லை.

பழைய அட்டையைச் சீட்டுக்கட்டில் வைத்திருக்கிறேன். நம் கட்டில் டயமண்ட் ஒன்பது தொலைந்து பத்து வருஷமாகிறதே, அதன் இடத்தில் இப்போது நான் இருக்கிறேன். ஆயுள் முழுக்கச் செல்லும் என்று சொன்னேன் இல்லையா? மேசையில் நாலு பேர் உட்கார்ந்தால் செல்லும். மூன்று பேர் இருக்கிறோம். நாலாவது கைக்கு பெவ்வைக் கூட்டிக்கொண்டு வா. அவள் சத்தத்துக்கு மான்கள் கனடாவுக்கு ஓடிவிடும், பரவாயில்லை.

இந்த உறைக்குள் ஒரு பொருள் வைத்திருக்கிறேன், விழுந்துவிடாமல் திற. பெட்டி என்னிடம் இருக்கட்டும், குண்டு டப்பா அலமாரியில் இருக்கட்டும், ரிவால்வர் ஆணியில் இருக்கிறது. சாவி அதன் ஜன்னலிலேயே தொங்கட்டும். புது அட்டை வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, பெட்டியைப் பூட்ட வேண்டுமானால் நான் உன் வீட்டுக்கு வந்தாக வேண்டும். அந்த மனுஷன் நினைத்தது அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

கம்பத்துக்குப் புது பெயிண்ட் அடித்துவிட்டேன். அப்பாவின் பெயரை அழிக்கவில்லை. அதற்குக் கீழே என் பெயர். இடம் கொஞ்சம் மிச்சமிருந்தது. ஏர்லின் பெயரையும் சின்னதாக எழுதிவைத்தேன். அவனுக்குக் கடிதம் வந்தால் தபால்காரர் எங்கே கொண்டுபோவார், பாவம்.

பனியில் மெதுவாக ஓட்டிக்கொண்டு வாருங்கள். வழியில் எங்கேயும் நிறுத்த வேண்டாம்.

தம்பி
டுவேன்